எண்டோஸ்கோபி நார்மல், ஆனால் விக்கலும் வாந்தியும் நிற்கவில்லை. அடுத்து யாரைப் பார்ப்பது?

உங்கள் அக்காவுக்கு ஒரு வாரமாக விக்கல், எது சாப்பிட்டாலும் வாந்தி, எண்டோஸ்கோபியும் வயிற்று ஸ்கேனும் நார்மல், கேஸ் மாத்திரை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. கொருக்குப்பேட்டையில் எங்கள் அண்ணிக்கு அச்சு அசல் இப்படித்தான் தொடங்கியது. அதை வைத்துச் சொல்கிறேன்: இந்த வாரமே ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

பயமுறுத்தவில்லை. விக்கல், வாந்தி என்றால் பெரும்பாலும் அல்சர், தொற்று, பித்தப்பைக் கல், ஏதாவது மாத்திரையின் பக்கவிளைவு என்றுதான் இருக்கும். அதனால் வயிற்றை முதலில் பார்த்தது சரிதான். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அதே மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் எனக்கு எரிச்சல்.

அண்ணிக்கு ரசம் சாதத்தில் கை வைக்கும்போதே விக்கல் கிளம்பிவிடும். தூக்கத்திலும் விடாது. "யாரோ விடாம நினைக்கிறாங்க" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். தெருமுனை கிளினிக்கில் வாயு என்றார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் ஒருநாள் தானாகவே நின்றுவிட்டது, பெயர் சுக்குக் கஷாயத்துக்குப் போனது. சில வாரம் கழித்துக் குளிக்கும்போது ஒரு பக்கம் தண்ணீர் சில்லென்று தெரியவில்லை, கழுத்துக்குக் கீழே மரமரப்பு, வலது கண் மங்கல். நரம்பியல் ஓ.பி.யில் அந்த டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டது: "இதுக்கு முன்னாடி விடாம விக்கல் வந்துச்சாம்மா?"

நோயின் பெயர் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் மூளையின் சில இடங்களையும் தாக்கும் நோய். அரிதான நோய், பெண்களுக்கே மிக அதிகம். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் ஏரியா போஸ்ட்ரீமா என்று சின்ன இடம் ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று மோந்து பார்த்து வாந்தியைக் கிளப்புவது அதன் வேலை. அதற்காகவே ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அங்கே கிடையாது. இந்த நோயில், நரம்பு மண்டலத்தில் இருக்கும் அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் பொருள்) அந்த வழியாகச் சுலபமாக உள்ளே போய்விடும். அந்த இடம் பாதிக்கப்பட்டால் விக்கலும் வாந்தியும் கிளம்பும். வயிறு பாவம், அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. 2015-இல் வந்த சர்வதேச நோயறிதல் விதிகளில், வேறு காரணம் கிடைக்காத விக்கலோ குமட்டலும் வாந்தியுமோ முக்கிய அறிகுறிகளில் ஒன்று. 48 மணி நேரத்தைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

வடசென்னையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சிலும் உண்டு. எண்டோஸ்கோபி ரிப்போர்ட், சாப்பிட்ட மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். "எத்தனை நாளாக, தூக்கத்திலும் வருகிறதா, கண் வலி அல்லது மங்கல் உண்டா, கை கால் மரத்ததா, சிறுநீர் சரியாகப் போகிறதா" இதையெல்லாம் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தலைக்கும் கழுத்துத் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ., அக்வாபோரின்-4 ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை, இரண்டும் தேவையா என்று வாய் விட்டே கேளுங்கள். சிலருக்கு ஆன்டிபாடி நெகட்டிவாக வந்தும் நோய் இருக்கும், முடிவை டாக்டர் சொல்லட்டும். பெயர் சரியாகத் தெரிவதும் முக்கியம்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (இதைப் போலவே தெரியும் வேறொரு நரம்பு நோய்) என்று நினைத்துக் கொடுக்கும் சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும். அண்ணிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், இப்போது திரும்ப வராமல் இருக்க மருந்து போகிறது. பார்வை முழுக்கத் திரும்பவில்லை, நடை பரவாயில்லை.

இதற்குள் விக்கல் தானாக நின்றாலும் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யாதீர்கள். விக்கலோடு திடீர்த் தலைசுற்றல், முகம் மரத்துப்போவது, விழுங்க முடியாமை வந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.