மன்னார்க் காற்றுக்கு என்ன விலை?

கேள்வி: மன்னாரில் 250, பூநகரியில் 234 மெகாவோட் காற்றாலைகளை அமைக்க வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு, வீடு தேடி வந்த 442 மில்லியன் டொலரைக் கைநழுவ விட்டது நட்டமில்லையா? (வாசகர் ஒருவர், வவுனியா)

பதில்: நட்டத்தையும் இலாபத்தையும் அந்த 442 மில்லியனை வைத்துக் கணக்கிட முடியாது. காற்றாலை கட்டுபவர் போடும் முதலீட்டை, அடுத்த 20 ஆண்டுகளில் மின்கட்டணமாக நாமே திருப்பிக் கொடுக்கிறோம் என்பதால், ஓர் அலகு என்ன விலை என்பதையே முதலில் கேட்க வேண்டும். 2024 மே மாதம் அமைச்சரவை அங்கீகரித்த விலை 8.26 அமெரிக்க சதம். டீசல் எரித்துப் பெறும் மின்சாரத்தைவிட அது மலிவுதான். ஆனால் 2025இல் அதே மன்னாரில் 50 மெகாவோட் காற்றாலைக்குப் போட்டி விலைமனு மூலம் தெரிவான உள்ளூர் நிறுவனம் 4.65 சதத்துக்கு ஒப்பந்தம் செய்தது. இரு திட்டங்களின் அளவும் காலமும் வேறு என்பதால் வித்தியாசம் முழுவதையும் ஒரே காரணத்தின் தலையில் கட்டிவிட முடியாது. எனினும், 2022 ஜூனில் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி விலைமனு நிபந்தனையைத் தளர்த்தியதுதான் நாம் செய்த பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாணயத்தையும் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 8.26 சதம் என்று எழுதப்பட்ட ஓர் அலகு அப்போது நடைமுறையில் இருந்திருந்தால், காற்றின் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே, இரண்டே மாதங்களில் பதினாறரை ரூபாயிலிருந்து ஏறக்குறைய முப்பது ரூபாய்க்கு ஏறியிருக்கும்.

வெளிநாட்டுப் பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் தம்பபவனியின் 30 காற்றாலைகள், ஆசிய அபிவிருத்தி வங்கியின் 200 மில்லியன் டொலர் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டவை. கடன் நம்முடையது என்றாலும், 103.5 மெகாவோட் கொள்ளளவுள்ள அந்தக் காற்றாலைகளும் மின்சார சபைக்கே சொந்தமாக அமைந்தன.

ஆனால் விலை எவ்வளவு மலிந்தாலும் தீராத கேள்வி ஒன்று மன்னாரில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத அந்தத் தரையில், காற்றாலைகளுக்காக மேடாக்கிப் போட்ட வீதிகள் மழைநீர் கடலுக்கு வடியும் வழியை மறித்து, வெள்ளம் வளவுகளுக்குள் நாட்கணக்கில் தேங்குவதாக அங்குள்ள மக்கள் முறையிடுகிறார்கள். பக்கத்திலேயே, வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலம். 2025 ஓகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்த பிறகுதான் புதிய வேலைகள் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. அவர்களை அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று பேசுவது அநீதி. வடிகால் வரைபடத்தை அந்த ஊரவர்களோடு உட்கார்ந்து வரைந்த பிறகே விலைமனு கோரியிருக்க வேண்டும்.

கேள்வி: 2025 சித்திரைப் புத்தாண்டு நாட்களில் பகலில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். இருக்கும் மின்சாரமே மிஞ்சுகிறது என்றால் புதிய முதலீடு எதற்கு? (வாசகி ஒருவர், யாழ்ப்பாணம்)

பதில்: மிஞ்சியது நண்பகலில் மட்டுமே. தொழிற்சாலைகள் மூடியிருக்கும் விடுமுறை நாளில் தேவை குறைந்து, வெயிலோ உச்சத்தில் இருக்கும். மின்வலையின் சீரைக் காக்கும் பெரிய சுழலிகள் அவ்வேளையில் குறைவாகவே ஓடுவதால், சிறு கோளாறும் நாடு முழுவதையும் இருட்டாக்கிவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு பகலில், அதுதான் நடந்தது. ஆனால் மாலை 6.30இலிருந்து 10.30 வரையான உச்ச நேரத்தில், உங்கள் தகடுகள் உறங்கும்போது, விலை கூடிய எரிபொருளை எரிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வெளிநாட்டு முதலீட்டை அழைப்பதானால் மின்கலத் தொகுதிகளுக்கும் மின்கடத்தும் பாதைகளுக்குமே முதலில் அழைக்க வேண்டும், அதுவும் போட்டி விலையில். உங்கள் கூரையில் நண்பகலில் வீணாகும் வெயிலைச் சேமித்து இரவு ஏழு மணிக்கு எடுத்தால், அந்நேரத்து எரிபொருளுக்குச் செலவாகும் டொலர் மிஞ்சும். மின்கலத்துக்கு வாங்கிய கடனின் தவணையை அந்த மிச்சத்திலிருந்தே கட்டத் தொடங்கலாம்.