மகள் ஏன் ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள்?

கேள்வி: சென்னையில் மூன்று வருடமாக சால்சா நடனம் கற்கிறேன். வயது 36, எடை 94 கிலோ. வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஸ்டெப் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆண்டு விழா மேடைக்கு மட்டும் மாஸ்டர் என்னைச் சேர்க்கவில்லை. “இருபது கிலோ குறைச்சுட்டு வாங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம். உங்க சைஸுக்கு காஸ்ட்யூமும் கிடைக்காது” என்கிறார். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். என் ஒன்பது வயது மகளும் இப்போதெல்லாம் ஒரு தோசைக்கு மேல் வேண்டாம் என்கிறாள், அது போகட்டும். இளைத்த பிறகு மேடை ஏறுவதா, ஆசையையே விட்டுவிடுவதா?

பதில்: அது எப்படிம்மா போகும்? உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். ஒன்பது வயது, வளர்கிற பிள்ளை. அவளுக்குப் பசிக்காமல் இல்லை. அம்மா தனக்குத் தட்டு வைக்காமல் எல்லோருக்கும் பரிமாறுவதைத் தினமும் பார்க்கிறாள். மாஸ்டர் உங்களிடம் சொன்னதை, நீங்கள் வாய் திறக்காமலே அவளிடம் சொல்லிவிட்டீர்கள்.

பிள்ளையின் வயிறு நிறைகிறதா என்று பார்ப்பது பெற்றவர்களின் முதல் கடமை என்று நம்புகிறவள் நான். மேடையெல்லாம் அதற்குப் பிறகு. இன்று ராத்திரியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். “பொண்ணும் உன்னை மாதிரி ஆயிடப்போறா” என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், மாமியாரே ஆனாலும் அங்கேயே நிறுத்துங்கள். அப்படியும் அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் எடையைக் குறைக்க மருத்துவர் சொன்னால் அவர் சொல்கிறபடி குறையுங்கள். மாஸ்டர் சொல்கிறார் என்று பட்டினி கிடக்காதீர்கள்.

இனி உங்கள் மாஸ்டர். சால்சாவில் எட்டு எண்ணிக்கைக்கு ஆறு அடி, நாலிலும் எட்டிலும் நிறுத்தம். சுழலும்போது பாரம் ஒரு காலின் முன்பாதத்தில் நேராக நிற்க வேண்டும். இது பழக்கத்தில் வருவது, மூன்று வருடத்தில் உங்களுக்கு வந்திருக்கும். ஜோடியைத் தலைக்கு மேலே தூக்குவதெல்லாம் மேடைக்காகச் சேர்ப்பது. அது இல்லாமலும் அமைக்கலாம். ஜோடியின் கையை விட்டுத் தனியாக ஆடும் ‘ஷைன்’ எதற்கு இருக்கிறது?

சால்சாவின் வேர் ஓடும் கியூபாவிலேயே, ஹவானாவில், 1996-ல் ஹுவான் மிகெல் மாஸ் என்பவர் பருத்த உடம்புக்காரர்களைக் கொண்டே ‘டான்சா வோலுமினோசா’ என்ற குழுவைத் தொடங்கினார். அவர்கள் ஆடியது நவீன நடனம். அந்த உடம்புகளுக்கு எது இயல்பாக வருமோ அதைக் கொண்டு அசைவுகளை அமைத்தார். நாட்டின் தேசிய அரங்கிலேயே ஆடினார்கள். நடனம் அமைக்கிறவரின் வேலை அது. உங்கள் மாஸ்டர் அதைச் செய்யாமல், உங்களைச் சாப்பிடாதே என்கிறார்.

காஸ்ட்யூம் கிடைக்காதாம்! எந்த உடம்புக்கும் அளவெடுத்து ரவிக்கை தைக்கிற ஊரில் இருந்துகொண்டு சொல்கிற சாக்கா இது? ஷூ மட்டும் குதிகால் உயரம் குறைந்து, அகலமாக இருக்கட்டும், முட்டிக்கு நல்லது.

அவரிடம் நேராகக் கேளுங்கள்: “என் ஆட்டத்தில் குறை எது? டைமிங்கா, சுழற்சியா?” சொன்னால் திருத்திக்கொள்ளுங்கள். எடையைத் தவிர வேறு பதில் வரவில்லையென்றால் வேறு வகுப்பு பாருங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இனி அவரே ஸ்டெப் சொல்லிக்கொடுக்கட்டும்.