குடும்பத்தின் அளவைத் தீர்மானிப்பது வருமானமா, வழக்கமா?

வருமானம் உயர்ந்தால் பிள்ளைப்பேறு தானாகக் குறையும், இதில் பண்பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்பதைக் காட்டும் மொத்தக் கருவள விகிதம் 1992-93-லேயே இங்கு ஏறத்தாழ 2.5 ஆக இறங்கிவிட்டது. அப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூடக் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8, பீகாரில் 3.

மதுரைப் பக்கம் எங்கள் ஊரில், என் பாட்டி வயதில் போதும்பொண்ணு என்ற பெயருடைய இருவர் இருந்தார்கள். பெண் போதும், அடுத்தது ஆணாகட்டும் என்ற வேண்டுதலே அவர்களுக்குப் பெயராக அமைந்தது. கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற வழக்கம் அன்றைய குடும்பங்களை ஐந்து, ஆறு என்று நீட்டியது.

என் அம்மாவின் காலத்தில் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணமும் சுவர்தோறும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அந்த முக்கோணம் வட மாநிலச் சுவர்களிலும் இருந்தது. இங்கே கூடுதலாக மாறியது அக்கம்பக்கத்துப் பேச்சு என்றே நினைக்கிறேன். திருமணமான மூன்றாம் மாதமே ‘விசேஷம் உண்டா?’ என்று விசாரித்த அதே பெண்கள், இரண்டாவது பிரசவம் முடிந்ததும் ‘ஆபரேசன் பண்ணியாச்சா?’ என்று நலம் விசாரிப்பதுபோலக் கேட்டார்கள். மூன்றாவதாகக் கருவுற்ற பக்கத்து வீட்டு அக்கா, குழாயடிக்கு ஆளில்லாத நேரம் பார்த்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது. (அந்த ஆபரேசனும் பெண்ணுக்குத்தான், ஆண்கள் செய்துகொள்வது இன்றும் மிக அரிது.)

மகன் மீதான ஆசை மட்டும் குடும்பத்தோடு சேர்ந்து சுருங்கவில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வேண்டாத குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது காற்று திசை மாறுகிறது. மக்கள்தொகையை வைத்து மறுவரையறை செய்தால் தமிழ்நாட்டின் நாடாளுமன்றத் தொகுதி எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற அச்சத்தில், பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்று மக்கள் நினைக்கும் நிலை வந்திருப்பதாக 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில் முதல்வர் மு.க. ஸ்டாலின் பேசினார். (வாழ்த்தில் வரும் பதினாறு, பிள்ளைகளின் எண்ணிக்கை அன்று, பதினாறு வகைச் செல்வங்கள் என்பதையும் அவரே சொன்னார்.) என் தங்கைக்கு ஒரே மகள். ‘இன்னொன்று பெத்துக்கோயேன்’ என்று அம்மா சொன்னபோது, அவள் பதில் பேசாமல் தனியார் பள்ளியின் கட்டண ரசீதை எடுத்து நீட்டினாள். கட்டணமில்லாத அரசுப் பள்ளி அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.