கோழிக்கூண்டை உடைத்த கரடி: எதைத் தேடி வந்தது, எப்படித் தடுப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பதினைந்து நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். பகலில் மேய விட்டு, இரவில் மரச்சட்டத்தில் கோழி வலை அடித்த கூண்டில் அடைப்போம். போன வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால் கூண்டின் ஒரு பக்கமே பிய்ந்து கிடக்கிறது. உள்ளே வைத்திருந்த தீவனச் சாக்கு கிழிந்து, தீவனம் பாதிக்கு மேல் காலி. நான்கு கோழிகள் மூலையில் செத்துக் கிடந்தன. பெரிய காயம் எதுவும் இல்லை. இரண்டைக் காணவில்லை. சிலர் கரடி என்கிறார்கள், சிலர் சிறுத்தை என்கிறார்கள். மின்வேலி போட்டால் சரியாகிவிடுமா? விடியும் முன்பே கூண்டைத் திறக்கப் போவது அம்மாதான். அதுதான் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வந்தது கரடி. ஆனால் அது கோழியைத் தேடி வரவில்லை, தீவனச் சாக்கைத் தேடி வந்திருக்கிறது. சிறுத்தை தவிட்டுச் சாக்கைத் தொடாது. கூண்டின் பக்கத்தைப் பிய்த்து எறிவதும் அதன் வழக்கமில்லை. சந்து கிடைத்தால் நுழைந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விடும். நம் மலைகளில் இருப்பது தேன்கரடி. கறையான், எறும்பு, தேன், பழம் இவைதான் அதன் உணவு. மேல்தாடையில் நடுவில் இரண்டு முன்பற்கள் அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சி இழுக்கிறது. கறையான் புற்றைக் குடைந்து எடுக்கும் நீண்ட நகங்களுக்கு உங்கள் கூண்டின் ஆணியும் மெல்லிய கம்பி வலையும் ஒரு பொருட்டே அல்ல.

அப்படியானால் அந்த நான்கு கோழிகள் எப்படிச் செத்தன? கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. மிரண்டால் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அடியில் மாட்டிக்கொண்டவை மூச்சு முட்டிச் சாகும். காயம் இல்லாமல் மூலையில் கிடந்தன என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். காணாமல் போன இரண்டும் திறந்த பக்கம் வழியாக ஓடித் தேயிலைக்குள் ஒளிந்திருக்கலாம். காட்டுப்பூனையோ மரநாயோ தெருநாயோ பிடித்திருக்கலாம். கரடி உடைத்துத் திறந்துவிட்ட கூண்டு அன்றிரவு அந்த வழியாகப் போகும் எல்லா விலங்குக்கும் திறந்த கூண்டுதான்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஈர மண்ணில் தடம் பாருங்கள். கரடிக்கு ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் பதியும். விரல் நுனியிலிருந்து தள்ளி, முன்னால் நகக் கீறல் தனியாகத் தெரியும். பின்னங்கால் தடம் வெறுங்காலோடு மனிதர் நடந்த மாதிரியே இருக்கும். சிறுத்தைக்கு நான்கு விரல், வட்டமான தடம், நகம் பதியாது.

முதலில் இன்றிரவுக்கு என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். தீவனம் கிடைத்த இடத்துக்குக் கரடி திரும்ப வரும். மீதமிருக்கும் ஒன்பது கோழிகளையும் உடைந்த கூண்டில் ஒட்டுப் போட்டு அடைக்காதீர்கள். புதுக் கூண்டு தயாராகும்வரை வீட்டோடு சேர்ந்த குளியலறையிலோ சாமான் அறையிலோ, கதவு நன்றாகப் பூட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிந்திக் கிடக்கும் தீவனத்தை மண்ணோடு சுரண்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். செத்த கோழிகளை அங்கேயே குப்பையில் போட்டிருந்தால் எடுத்து, மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கரடிக்குப் பார்வை மந்தம், மோப்பம் அபாரம். நாம் கூட்டிப் பெருக்கிவிட்டோம் என்று நினைக்கும் இடத்திலும் அதற்கு வாசனை இருக்கும்.

இந்த வாசனை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தீர்வில் முக்கால் பங்கு இதில்தான் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்ததும், சத்துணவுக் கூடத்தையும் கடையையும் உடைத்து எண்ணெய், பருப்பு, வெல்லம் தின்றதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். கோழித் தீவனத்தில் இருப்பவையும் ஏறக்குறைய இவைதான்: மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள். மொத்தமும் மாவுச்சத்தும் கொழுப்பும் புரதமும். அதோடு காட்டில் ஒரு புற்றைக் குடைந்து கிடைப்பதைவிட உங்கள் சாக்கில் கிடைப்பது அதிகம், உழைப்பும் குறைவு.

ஆகவே தீவனம் கூண்டில் இருக்கவே கூடாது. இரும்பு டிரம்மில் கொட்டி, மூடியை வளையம் போட்டு இறுக்கி, வீட்டுக்குள் வையுங்கள். வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் போதும். மேய்கிற கோழிக்கு இன்னும் குறைவு. மாலை நான்கு மணிக்கு, அவை தின்று தீர்க்கும் அளவு மட்டும் வையுங்கள். அடைக்கும்போது தட்டைக் கழுவி உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் கோழிக்குத் தீவனமே தேவையில்லை.

குஞ்சுகளுக்காகக் கறையான் பிடிக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் காய்ந்த ஓலையும் போட்டு, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கறையான் நிறைந்திருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் இல்லை என்று நானே பலருக்குச் சொல்வதுண்டு. ஆனால் கரடி நடமாடும் ஊரில் கூண்டுக்குப் பக்கத்தில் கறையான் பானையைக் கவிழ்த்து வைப்பது, கரடிக்கு இலை போட்டுக் கூப்பிடுவது போலத்தான். உங்கள் பகுதியில் அதை விட்டுவிடுங்கள். புரதத்துக்குத் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியை வளர்க்கலாம்.

பேரிக்காய், பிளம்ஸ், பலா மரங்கள் இருந்தால் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்குங்கள். கூண்டைச் சுற்றி முப்பது அடிக்கு உண்ணிச்செடிப் புதரை வெட்டிவிடுங்கள். அதன் பழத்தைக் கரடி விரும்பித் தின்னும், அதன் நிழலில் சிறுத்தை பதுங்கும்.

இனி கூண்டு. பழைய கூண்டைப் பலப்படுத்துவதில் பணத்தைப் போடாதீர்கள். பகலில் மேயும் கோழிக்கு இரவில் படுக்க ஆளுக்கு ஒன்றரைச் சதுர அடி போதும். பதினைந்து கோழிக்கு நாலுக்கு ஆறு அடிக் கூண்டு தாராளம். பலமில்லாத பெரிய கூண்டைவிட அசைக்க முடியாத சின்னக் கூண்டு மேல். அதைத் தோட்டத்து ஓரத்தில் கட்டாமல், வீட்டுச் சுவரை ஒட்டி, சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்படி கட்டுங்கள்.

கோழி வலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் லாயக்கு, வெளியிலிருந்து ஒன்று உள்ளே வராமல் தடுக்க அல்ல. தெருநாயே கடித்துப் பிய்த்துவிடும். அதற்குப் பதிலாக அரை அங்குலக் கண் வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். ஆங்கிள் இரும்புச் சட்டம் அடித்து, மெஷ்ஷின் ஓரத்தைச் சட்டத்துக்கும் ஒரு இரும்புப் பட்டைக்கும் நடுவில் வைத்து, அரையடிக்கு ஒரு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். இதில்தான் வெல்டர்கள் சோம்பல் படுவார்கள். நான்கு மூலையில் மட்டும் பொட்டுப் போலப் பற்றவைத்துவிட்டு முடிந்தது என்பார்கள். கரடி மெஷ்ஷை அறுக்காது. ஓரத்தில் நகத்தை மாட்டி இழுக்கும். பொட்டு விட்டுப்போனால் முழுப் பக்கமும் கையோடு வந்துவிடும். இந்த மெஷ்ஷுக்கு வெளியே இரண்டு அங்குலக் கண் தடித்த மெஷ் இன்னொன்று அடித்தால் இன்னும் நல்லது. தடித்தது பெரிய விலங்கின் பலத்தைத் தாங்கும், சின்னக் கண் கீரியையும் பாம்பையும் தடுக்கும்.

அடியில் கான்கிரீட் தளம், அதன் மேல் இரண்டு வரிசை ஹாலோ பிளாக், அதற்கு மேல் மெஷ். தளம் போட வசதி இல்லையென்றால் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையில் படுக்கப் போட்டு மேலே மண் மூடுங்கள். நரியும் நாயும் சுவரோரமாகத்தான் தோண்டும், மெஷ் தட்டுப்பட்டதும் விட்டுவிடும். தேன்கரடி தோண்டுவதற்கென்றே பிறந்தது, அதை இது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கூரைக்குத் தகர ஷீட் போட்டாலும் அடியில் மெஷ் இருக்கட்டும். சுற்றுச்சுவர் எட்டடி இருக்கிறது, மேலே திறந்திருந்தால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். சிறுத்தைக்கு எட்டடி ஒரு உயரமே இல்லை. குளிர் என்று பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு மூடினால் எச்சத்தின் அம்மோனியா வாடையில் கோழிக்குச் சளி பிடிக்கும். கூரையை ஒட்டி ஒரு சாண் காற்றுவழி விட்டு, அங்கேயும் மெஷ் அடியுங்கள்.

கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி, சட்டத்துக்குள் பதிந்து உட்கார வேண்டும். இடுக்கில் நகம் நுழையக் கூடாது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள், இரண்டுக்கும் பூட்டு. வெறும் கொக்கி வேண்டாம்.

நாய் கட்டினால் காவலாகுமா என்று பலர் கேட்பார்கள். உங்கள் ஊரில் வேண்டாம். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. கூண்டுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட நாய், கோழிக்காக வராத சிறுத்தையையும் வரவழைக்கும். நாய் இருந்தால் இரவில் வீட்டுக்குள் விடுங்கள். மினுக்கும் விளக்கு, ரேடியோ, பட்டாசு எல்லாம் சில நாளைக்கு வேலை செய்யும். ஊருக்குள் வந்து பழகிய கரடி சீக்கிரமே அதையும் பழகிக்கொள்ளும். கூண்டுப் பக்கம் ஒரு நல்ல விளக்கு கட்டாயம் போடுங்கள். அது கரடியை விரட்ட அல்ல, நீங்கள் வெளியே கால் வைக்கும் முன் அங்கே என்ன நிற்கிறது என்று பார்க்க.

பகலில் ஒன்றிரண்டாகக் குறைந்தால் கரடியைச் சந்தேகிக்காதீர்கள். கழுத்தில் கடிபட்டுக் குஞ்சுகள் கிடந்தால், முட்டை காணாமல் போனால் கீரி. இரவில் சின்னச் சந்து வழியாக வந்து தலையையும் நெஞ்சையும் மட்டும் தின்றிருந்தால் பெரும்பாலும் மரநாய். பல கோழிகளைக் குதறிப் போட்டுவிட்டுத் தின்னாமல் போயிருந்தால் தெருநாய். கோழி கூண்டுக்குள் இருக்கும்போது இவை எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன அரை அங்குல மெஷ்ஷே போதும்.

மின்வேலி பற்றிக் கேட்டீர்கள். கரடியைத் தடுப்பதில் மிக நம்பகமானது அதுதான். அமெரிக்காவில் கரும்கரடி வரும் ஊர்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு முதலில் சொல்லும் யோசனையும் அதுதான். ஆனால் எது மின்வேலி என்பதில் தெளிவாக இருங்கள். சூரியத் தகட்டிலோ பேட்டரியிலோ ஓடும் எனர்ஜைசர் கருவி, விநாடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு அதிர்ச்சி தரும். சுருக்கென்று வலிக்கும், உயிர் போகாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம். அப்படி விட்ட கம்பியில் யானைகளும் செத்திருக்கின்றன, கம்பி கட்டியவர்களின் வீட்டு மனிதர்களும் செத்திருக்கிறார்கள். மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த 2023-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் இருப்பது காட்டோரம், எனவே வனச்சரக அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கருவி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தால் கூண்டைச் சுற்றி மட்டும் போடுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் நான்கைந்து கம்பி. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், கரடிக்கு ஒன்றும் உறைக்காது. மழையும் பனியும் மாறி மாறி வரும் உங்கள் ஊரில் வாரம் ஒருமுறை புல் செதுக்க ஆள் இல்லையென்றால் மின்வேலிக்குச் செலவே செய்யாதீர்கள்.

சுருக்குக் கம்பி, விஷம், அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். கரடியும் சிறுத்தையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள், சுருக்கில் மாட்டிக் காயம்பட்ட கரடி உங்கள் தெருவில் திரிவது யாருக்கும் நல்லதல்ல.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு இந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது. தேன்கரடி மனிதரைத் தின்ன வருவதில்லை. திடீரென்று எதிரில் பார்த்தால், அதுவும் முதுகில் குட்டி இருந்தால், பயத்தில் பாய்ந்து முகத்தைக் கிழித்துவிடும். இருட்டு, பனி, பார்வை மந்தமான விலங்கு, சத்தமில்லாமல் நடந்து வரும் ஒருவர்: விபத்து நடக்க இவ்வளவு போதும்.

அதனால் நன்றாக வெளிச்சம் வந்தபிறகே கூண்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஏழு மணிவரை அடைந்திருந்தால் கோழிக்கு ஒரு கெடுதலும் இல்லை. கதவைத் திறக்கும் முன் விளக்கைப் போட்டு, சன்னல் வழியாகப் பார்த்து, சத்தமாகப் பேசிக்கொண்டோ குச்சியால் தட்டிக்கொண்டோ போகட்டும். இரவில் கூண்டில் சத்தம் கேட்டால் யாரும் வெளியே போகக் கூடாது. எத்தனை கோழி போனாலும் போகட்டும். உள்ளிருந்தபடியே தட்டைத் தட்டுங்கள், வனத்துறைக்கு போன் செய்யுங்கள். எதிரில் கரடி நின்றால் ஓடாமல், முகத்தைத் திருப்பாமல், மெதுவாகப் பின்வாங்க வேண்டும், அது தப்பிக்கும் வழியை மறிக்கக் கூடாது. மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் பிடரியை மூடி, அது விலகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். சிறுத்தை என்றால் நேர்மாறு: குனியவோ படுக்கவோ கூடாது, நிமிர்ந்து நின்று கையை உயர்த்திக் கத்த வேண்டும்.

நாளைக் காலையிலேயே வனச்சரக அலுவலகத்துக்குப் போய், உடைந்த கூண்டின் படத்தையும் தடத்தின் படத்தையும் காட்டி எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். பக்கத்து வீடுகளில் கோழியும் தீவனமும் எங்கே வைக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். உங்கள் டிரம் பூட்டியிருந்தாலும் அடுத்த வீட்டுத் திண்ணையில் தவிட்டுச் சாக்கு இருக்கும்வரை கரடி அந்தத் தெருவுக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.