வெயில் ஊர்களுக்கென்றே ரோஜா வகைகளை யாராவது உருவாக்கியிருக்கிறார்களா?

உருவாக்கியிருக்கிறார்கள். நர்சரி ரோஜாக்களில் பலவும் குளிர்நாடுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட வம்சம். நம் சூட்டில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சிதான் மிஞ்சும்.

ஆஸ்திரேலியாவில் அலிஸ்டர் கிளார்க் என்ற ரோஜா வளர்ப்பாளர், ரோசா ஜைஜான்டியா என்ற காட்டு ரோஜாவின் வழியில் 1924-இல் 'லொரைன் லீ' என்ற ரோஜாவைத் தந்தார். குளிர்காலத்திலும் பூக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது கொடைக்கானலில் நடந்த வேலை. ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த எம்.எஸ். வீரராகவன், மணிப்பூர் மலைகளில் மரமேறிப் படரும் அதே ஜைஜான்டியாவையும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கி நிற்கும் ரோசா க்ளினோஃபில்லாவையும் பெற்றோராக எடுத்துக்கொண்டார். இரண்டும் இந்தியக் காட்டுச் செடிகள்!

கலப்பு என்பது முழுக்கக் கைவேலை. மொட்டு விரியும் முன்பே இதழையும் மகரந்தப்பைகளையும் கிள்ளியெடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் சூல்முடியில் (பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் நுனி) தடவி, காய் பழுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தான் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு வீரராகவன் வைத்த பெயர், தாவரவியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாளுடையது.