டாஸ்க்பார் பாதி காணோம்! கணினி – டி.வி. கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வாங்கிய 43 அங்குல டி.வி.யில் லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்தேன். படம் நன்றாக வருகிறது. ஆனால் நாலு ஓரமும் வெட்டுப்படுகின்றன. டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. மேலே மூடுவதற்கான பெருக்கல் குறி சரியாகக் கண்ணில் படவில்லை. வேறு கேபிள் போட்டும் அதே கதை. டி.வி. பழுதா?
– விருதுநகர் வாசகர்

பதில்: பழுது இல்லை. கேபிள் மீதும் குற்றமில்லை. கேபிள் கெட்டிருந்தால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளி புள்ளியாகப் பொரியும், அல்லது வராமலே போகும். ஓரம் மட்டும் சீராக வெட்டுப்படாது. உங்கள் டி.வி.தான் படத்தைச் சற்றே பெரிதாக்கி, ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளுகிறது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர்.

படக்குழாய் டி.வி. காலத்து வழக்கம் இது. அந்த டி.வி.களில் படத்தின் அளவு ஒரே நிலையில் நிற்காது. வெளிச்சமான காட்சி வந்தால் குழாயின் உயர் மின்னழுத்தம் சற்றுத் தாழும், படம் விரியும். பாகங்கள் பழசாகும்போது படம் சுருங்கி, ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். அதை மறைக்கத்தான் படத்தைத் திரையைவிடப் பெரிதாகவே வரைந்தார்கள். எழுத்துகளை ஓரத்திலிருந்து தள்ளி வைப்பதை ஒளிபரப்பாளர்களும் விதியாகவே கொண்டார்கள். இன்றைய தட்டைத் திரையில் (பேனல்) ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்சல்) நிலையான இடம் உண்டு என்பதால் இந்த வித்தை தேவையே இல்லை. ஆனாலும் பல டி.வி.கள் எச்.டி.எம்.ஐ.யில் வருவதை செட்டாப் பாக்ஸ் படமாகவே எண்ணி ஓரத்தை வெட்டுகின்றன.

ஒரு பக்கத்துக்கு 2.5% வெட்டினாலே 1920×1080 படத்தில் இடமும் வலமும் 48 புள்ளிகள், மேலும் கீழும் 27 புள்ளிகள் போய்விடும். விண்டோஸ் 10-இல் ஸ்கேல் 100% என்றால் டாஸ்க்பாரின் உயரமே 40 புள்ளிகள்தான். அதில் 27 போனால் பாதிக்கு மேல் மறைகிறது. மிஞ்சிய 1824×1026 புள்ளிகளை டி.வி. மறுபடி 1920×1080-ஆக இழுக்கிறது. எழுத்து மங்குவதும் இதனால்தான்.

திருத்தத்தை டி.வி.யில் தொடங்குங்கள். லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. இன்புட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படத்தின் அளவைக் குறிக்கும் மெனுவுக்குப் போங்கள். பிக்சர் சைஸ், ஆஸ்பெக்ட் ரேஷியோ, ஸ்கிரீன் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எல்.ஜி.யில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, பிலிப்ஸில் ‘அன்ஸ்கேல்டு’, ஷார்ப்பில் ‘டாட் பை டாட்’. சோனியில் ‘ஆட்டோ டிஸ்ப்ளே ஏரியா’வை அணைத்துவிட்டு, ‘டிஸ்ப்ளே ஏரியா’வில் ‘ஃபுல் பிக்சல்’ வையுங்கள். ‘16:9’ என்று இருப்பதே சரி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பல மாடல்களில் ஓரத்தை வெட்டுவதே அந்த ‘16:9’தான். மேலே சொன்ன ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற வசதி மங்கலாக இருந்து தேர்ந்தெடுக்க வரவில்லையா? இன்புட்டின் பெயரை ‘பி.சி.’ என்று மாற்றிப் பாருங்கள். பல டி.வி.களில் இது வெறும் பெயர் அல்ல, ஓவர்ஸ்கேனையே நிறுத்திவிடும். பெரும்பாலும் இந்த அமைப்பு ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி. கேபிளை வேறு துளையில் செருகினால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

டி.வி.யில் வழியே இல்லை என்றால் மட்டும் கணினியில் படத்தைச் சுருக்குங்கள். கணினியின் கிராபிக்ஸ் சிப் எந்தக் கம்பெனியுடையதோ, அதன் மென்பொருளில் இதற்கு வழி இருக்கும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப்பின் அளவையும் இடத்தையும் சரிசெய்யும் பக்கம் இருக்கிறது. ஏ.எம்.டி.யில் ‘எச்.டி.எம்.ஐ. ஸ்கேலிங்’, இன்டெல்லில் ஸ்கேலை ‘கஸ்டம்’ ஆக்கினால் சறுக்குப் பட்டை வரும். இதைக் கடைசி வழி என்று சொல்லக் காரணம் உண்டு: கணினி சுருக்க, டி.வி. விரிக்க, ஒரே படம் இரண்டு முறை அடிபடுகிறது. ஓரம் திரும்பும், எழுத்தின் கூர்மை திரும்பாது. விண்டோஸின் 125%, 150% ஸ்கேலை இதற்காகத் தொட வேண்டாம். அது எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்குமே தவிர, வெட்டுப்பட்ட ஓரத்தைக் கொண்டுவராது.

சரியானதா என்று பார்க்க, பெயின்ட்டில் 1920×1080 அளவுப் படம் ஒன்றில் விளிம்பை ஒட்டி ஒரு புள்ளி கனத்தில் கோடு போட்டு, முழுத்திரையில் திறந்து பாருங்கள். நாலு கோடும் தெரிந்தால் வேலை முடிந்தது.

கேள்வி: எங்களுடையது 32 அங்குல ‘எச்.டி. ரெடி’ டி.வி. ஓரம் சரியாகிவிட்டது. ஆனால் எழுத்து இன்னும் தெளிவில்லை.
– பண்ருட்டி வாசகர்

பதில்: அந்த வகை டி.வி.களில் பெரும்பாலும் பேனல் 1366×768. எச்.டி.எம்.ஐ. வழியே அது வழக்கமாக எதிர்பார்ப்பது 1280×720 அல்லது 1920×1080. இவற்றில் எதை அனுப்பினாலும் நீட்டியோ சுருக்கியோதான் காட்ட வேண்டும். ரெசல்யூஷன் பட்டியலில் 1360×768 அல்லது 1366×768 இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். (1366 எட்டால் வகுபடாது, அதனால்தான் 1360 என்ற எண் வந்தது.) டி.வி.யின் பின்னால் நீல நிற வி.ஜி.ஏ. துளை இருந்து, கணினியிலும் இருந்தால், பல மாடல்களில் அந்த வழியில் 1360×768 ஓரம் வெட்டுப்படாமல் கிடைக்கும். இரண்டும் இல்லை என்றால் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம். பேனலின் எல்லை அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். படத்தைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புச் சட்டம்.
– காரைக்குடி வாசகர்

பதில்: நாலு பக்கமும் என்றால் கணினி படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. பழைய ஏ.எம்.டி. டிரைவர்களில் இது தானாகவே நடக்கும். ஏ.எம்.டி. மென்பொருளில் ‘எச்.டி.எம்.ஐ. ஸ்கேலிங்’ சறுக்குப் பட்டையை 0% ஆக்குங்கள். இரண்டு பக்கம் மட்டும் கறுப்பு என்றால் விஷயம் வேறு: விண்டோஸ் சாவியுடன் ‘பி’ அழுத்தி, ‘டூப்ளிகேட்’டுக்குப் பதில் ‘செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி’ வையுங்கள். 16:10 லேப்டாப் திரையை 16:9 டி.வி.யில் அப்படியே நகலெடுத்தால் பக்கவாட்டில் இடம் மிஞ்சும்.

கேள்வி: 4கே டி.வி.யில் ஓரமெல்லாம் சரி. சிவப்பு எழுத்து மட்டும் பிசிறடிக்கிறது, மவுஸும் இழுத்து இழுத்து நகர்கிறது.
– ஓசூர் வாசகர்

பதில்: இரண்டு வெவ்வேறு காரணங்கள். பிசிறுக்குக் காரணம், நிறத் தகவலைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பொதுவாக்கி மிச்சம் பிடிப்பது. இன்புட் பெயரை ‘பி.சி.’ ஆக்கி, கணினியில் நிற வடிவத்தை ஆர்.ஜி.பி. அல்லது 4:4:4 (இரண்டுமே நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்பும் முறைகள்) என்று வையுங்கள். மவுஸ் இழுப்பதற்கு, 4கே படம் நொடிக்கு 30 முறைதான் போகிறதா என்று பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 1.4-இல் அதுதான் உச்சம். 60 வேண்டுமானால் கணினி, டி.வி. இரண்டிலும் 2.0 வேண்டும். டி.வி.யில் 2.0 இருந்தும் அந்தத் துளைக்கு அது அணைந்திருக்கலாம். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்.ஜி.யில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்ற பெயர்களில் தேடி, கணினி செருகிய துளைக்கு மட்டும் இயக்குங்கள். பிறகு விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். பல நேரம் அது 30-லேயே நிற்கும்.