பெற்றோரின் மருத்துவத்துக்குக் கைப்பேசியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சிங்கப்பூரில் வயதான பெற்றோரை எதற்கெடுத்தாலும் செயலியில் பார்க்கச் சொல்கிறார்களே, இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பலாம், ஆனால் எந்த வேலைக்கு என்று பார்த்து நம்ப வேண்டும். டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த முறை போகும்வரை ஓடுகிற மாதங்களுக்குக் கைப்பேசியைப் போல நல்ல துணை இல்லை. டாக்டர் கையால் செய்கிற வேலையை அதனிடம் கொடுக்க முடியாது.

என் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பும் நீரிழிவும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் (அரசாங்கப் பாலிகிளினிக்) ரத்த அழுத்தம் அளந்தால் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். காத்திருந்த களைப்பு, டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம், எல்லாம் சேர்ந்துகொள்ளும். இப்போது புளூடூத் கருவி ஒன்றை வைத்து வீட்டிலேயே அளக்கிறார்: காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் வைத்து, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க, பட்டையைச் சட்டைமேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி. எண் கைப்பேசி வழியாக மருந்தகத்துக்குப் போய்விடும், ஏறியிருந்தால் தாதி கூப்பிட்டு விசாரிப்பார். ஒன்றைக் கவனியுங்கள், மருந்தகத்தில் எல்லை 140/90 என்றால் வீட்டில் 135/85தான். வீட்டில் 138 வந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து மருந்தைக் கூட்டாமல், பல வாரத்து எண்களைப் பார்த்து டாக்டர் முடிவெடுக்கிறார் பாருங்கள், எனக்குத் தெரிந்து கைப்பேசியால் கிடைத்த பெரிய நன்மை அதுதான்.

அப்புறம் ஹெல்த்ஹப். 2015ல் வந்த செயலி, பரிசோதனை முடிவு, தடுப்பூசி விவரம், அடுத்த சந்திப்பு எல்லாம் அதில் இருக்கும். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் அம்மா அப்பாவின் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) மறைச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு அவர்கள் பெயரிலேயே நுழைகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சிங்பாஸ் கையில் இருந்தால் மருத்துவம் மட்டுமல்ல, மற்ற அரசாங்கக் கணக்குகளும் திறந்துவிடும். பெற்றோர் சம்மதத்தோடு உங்களைப் பராமரிப்பாளராகச் சேர்த்துக்கொள்ள ஹெல்த்ஹப்பிலேயே வழி இருக்கிறது, உங்கள் சிங்பாஸிலேயே அவர்கள் விவரத்தைப் பார்க்கலாம். பரிசோதனை முடிவு வந்ததும் வழக்கத்துக்கு மாறான எண்ணைப் பார்த்து அவர்கள் தனியாகப் பயந்துகொண்டு இருக்கவும் மாட்டார்கள்.

வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதில்தான் எனக்குத் தயக்கம். சளி, இருமலுக்குச் சரி. நீரிழிவு உள்ளவரின் பாதத்தை டாக்டர் தொட்டு, விரல் இடுக்கைப் பிரித்து, மெல்லிய இழையால் அங்கங்கே அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கிறாரே, அது திரையில் எப்படி நடக்கும்? 2024 டிசம்பரில் ஒரு தொலைமருத்துவ மருந்தகத்தின் உரிமத்தைச் சுகாதார அமைச்சு ரத்து செய்தது, அங்கே ஒரு நிமிடம்கூட நீடிக்காத ஆலோசனைகள் ஏராளமாக நடந்திருந்தன. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது என்றால் எந்தச் செயலியையும் திறக்காமல் நேராக ஆம்புலன்ஸுக்கு, 995.

வீடியோ ஆலோசனை வேண்டுமென்றால் ஏற்கெனவே அவர்களைத் தெரிந்த டாக்டரிடம் கேளுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஒரே மருந்தகத்தில் பதிந்துகொள்ளலாம், அம்மாவைப் பதிந்ததே இதற்காகத்தான்.

தகவல் திருடுபோகாதா என்ற பயம் நியாயமானது. 2018ல் சிங்ஹெல்த் என்ற அரசாங்க மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் பேரின் விவரம் திருடப்பட்டது. ஆனால் அது நடந்தது மருத்துவமனைக் கணினியமைப்பில். செயலியே வேண்டாம் என்று ஒதுங்கினாலும் அந்த ஆபத்து குறையாது. நம் கையில் இருப்பது சுகாதார அமைச்சிலிருந்து பேசுகிறோம் என்று வரும் அழைப்புகளுக்கு எதையும் சொல்லாமல் துண்டிப்பது. அதை உங்கள் அப்பா அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், செயலியை அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.